பெரட்டுக் குரலில் கூப்பிட்ட ஐம்பத்து மூன்று பேர்

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், தெஹியோவிட்டைக்கு மேலே வோட்டுச் சாவடியாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் சுவர்க் கடிகாரம் என் மேசைக்கு நேர் எதிரே தொங்கியதுதான். அன்று மாலை ஐந்து மணி வரை அந்தக் கடிகாரத்தை நான் பார்த்த அளவுக்குக் கல்யாணத்தன்று என் மனைவியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வரப்போகும் இடைத் தேர்தலில் வோட்டுச் சாவடியில் உட்கார உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எனக்கும் வந்தது. உடம்பு சரியில்லை என்று பதில் எழுதிவிட்டேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு வோட்டர் பட்டியலைத் திறந்தால் விரல்தான் இன்றைக்கும் கோடு போட மாட்டேன் என்கிறது. ஆகவே உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இப்படி எழுதி அனுப்புகிறேன். பெட்டிக்கு அரக்கு வைப்பது எப்படி, தாளை மடிப்பது எப்படி என்பதெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் கொடுக்கும் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லை.

எங்கள் தொகுதியின் தேர்தல் கதை நீளமானதல்ல. முன்பெல்லாம் சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் வோட்டு. எங்கள் பக்கத்து வோட்டர்கள் அத்தனை பேரையும் இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைக்கு இருந்தது, பெரிய கிளாக்கருக்கு இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் நடத்திய எனக்கே இல்லை. பிறகு திடீரென்று ஒரு வருஷம், இருபத்தொரு வயது நிறைந்தால் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு என்றார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு மட்டும் அதற்கு ஒரு வால் இருந்தது. இந்த நாட்டிலேயே நிலையாக இருக்கிறவர்கள் என்று அவர்கள் காட்ட வேண்டும். பதிவு செய்ய வந்த அதிகாரி எங்கள் முனியாண்டியிடம், "எத்தனை வருஷமா இங்க இருக்கே?" என்று கேட்டார். "இந்த றப்பர் மரத்த நட்டதே நாந்தாங்க" என்றார் முனியாண்டி. அதிகாரி மரத்தின் வயதை விசாரித்து எழுதிக்கொண்டார். அப்படிக் காட்ட மரம்கூட இல்லாதவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். முந்நூறு பேருக்குமேல் வேலை செய்த எங்கள் தோட்டத்திலிருந்து, நான் சொல்லப்போகும் அந்த முதல் தேர்தலுக்குப் பட்டியலில் ஏறியது ஐம்பத்து மூன்று பேர். இரண்டாவது பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் வந்தபோது அதிலும் சில பெயர்களைக் காணவில்லை. ஒரு பெயர் பட்டியலில் ஏற எவ்வளவு பாடு என்று தெரிந்துகொண்டு மேசையில் உட்காருங்கள். பட்டியல் பார்க்கும் எழுத்தராக நான் அது தெரிந்தே உட்கார்ந்தேன். தெரிந்தும் என்ன செய்தேன் பாருங்கள்.

சாவடிக்குத் தலைவராக வந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். கோட்டும் கொண்டையும் தங்கப் பிரேம் கண்ணாடியுமாக இருந்தார். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். அவருடைய தரத்தை அன்று காலை ஒன்பது மணிக்கே கண்டுகொண்டேன்.

அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. திரைக்குப் பின்னால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று பெட்டிகள் இருக்கும். தாளை வாங்கிப் போய்ப் பிடித்த நிறத்தில் போட வேண்டியதுதான். பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. பிறகு கும்பிட்டபடியே வெளியே வந்து, "வெத்தில பாக்கு வெச்சிட்டேங்க. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் திகைத்தோம். வெற்றிலை எந்தப் பெட்டியின்மேல் இருக்கிறது என்று பார்த்தால் அவள் வோட்டு வெளியே தெரிந்துவிடும். எடுக்காமல் விட்டால் அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து அந்தப் பெட்டியிலேயே போடுவார். பெரியவர் எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார், கண்ணை இறுக மூடிக்கொண்டு திரைக்குள் போனார். மூன்று பெட்டியின்மேலும் வரிசையாகத் துழாவும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு முறை எதிலோ இடித்துக்கொண்டு "அம்மே!" என்றார். வெற்றிலையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த வெற்றிலையை அவர் பகலில் மென்றார் என்று நான் எங்கும் சாட்சி சொல்லமாட்டேன்.

இப்படிப்பட்டவர் பக்கத்து அறையில் சோற்றுப் பொதியைப் பிரித்த பத்து நிமிடத்தில்தான் என் காரியம் நடந்தது.

எங்கள் தோட்டத்தார் றப்பர் பால் வெட்டி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, மேல் பிரிவிலிருந்து ஐம்பத்து மூன்று பேரும் ஒன்றாக இறங்கி வந்தார்கள். வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. வேட்பாளர் ஒருவருடைய ஏஜெண்டாக வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கடைக்கார காதர் நானா, "என்ன மாஸ்டர், பொலயா இது? ஒங்கட ஆக்கள ஒழுங்குபடுத்துங்களே" என்றார். ஊர்ச் சந்தையோடு என் தோட்டத்தை ஒப்பிட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டியலையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசற்படியில் ஏறி நின்றேன்.

தோட்டம் தெரியாத தம்பிமாருக்காகச் சொல்கிறேன். விடியுமுன் தப்பு மேளம் அடிப்பார்கள். ஜனம் களத்தில் கூடும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, ஆள் குரல் கொடுக்க, அவர் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டு இரண்டு விரலை ஆட்டுவார். இதற்குப் பெரட்டு என்று பெயர். கோடு விழுந்த ஆள் அதற்குமேல் ஒரு கணமும் அங்கே நிற்கக்கூடாது. நின்றால் ஏச்சு விழும். இருபது வருஷம் பள்ளிக்கூட வாசலிலிருந்து இதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"முனியாண்டி!"

"இருக்கேன் சாமி!"

"கருப்பாயி!"

"இந்தா இருக்கேங்க! கேட்டுச்சுங்களா? இந்தா இருக்கேன்!"

என்ன ஒழுங்கு! என்ன அமைதி! பேரைக் கூப்பிட்டேன், கோட்டைப் போட்டேன், என்னை அறியாமல் இரண்டு விரலையும் ஆட்டினேன். ஐம்பத்து மூன்று பேரையும் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஆள் வந்திருக்கிறார் என்பதற்குத்தான் அந்தக் கோடு என்று என் மனதில் எண்ணம். அந்தப் பட்டியலில் கோட்டுக்கு வேறு அர்த்தம். தாள் வாங்கியாயிற்று, இனி இவருக்குக் கொடுக்கக்கூடாது என்று அர்த்தம். நான் கம்பீரமாக உள்ளே வந்து உட்கார்ந்து, தாள் கொடுக்கிற இளம் எழுத்தரிடம், "இப்போது ஒவ்வொருவராக வருவார்கள், பார்" என்றேன்.

பார்த்தான். நானும் பார்த்தேன். மழை சடசடவென்று இறங்கியது. வாசலில் ஒரு வெள்ளாடு மட்டும் ஒதுங்கி நின்றது.

"மாஸ்டர்!" காதர் நானா வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒங்கட ஆக்கள் வோட்டுப் போட்டு முடிச்சிட்டு பெய்த்தாங்க! ஒரு மனிசி சொல்லிட்டுப் போறா, என் கொரல் ராசாவுக்குக் கேட்டிருக்கும்டு!"

அவர் சிரித்தார், இளம் எழுத்தன் சிரித்தான், சிங்கள வேட்பாளரின் ஏஜெண்டாக இருந்த ஆரச்சி மஹத்தயா என்ற கனவானும் விஷயம் புரிந்து தொடையில் தட்டிச் சிரித்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று கோடுகள். தாள் ஒன்றுகூடப் போகவில்லை. அவர்கள் வாழ்நாளில் கிடைத்த முதல் வோட்டை என் பென்சில் தின்றுவிட்டது.

கை தானாகப் பைக்குள் போயிற்று. றப்பர் தோட்டத்து வாத்தியாரிடம் ஒரு றப்பர் துண்டு இல்லாமல் இருக்குமா? முதல் கோட்டின்மேல் அதை வைத்த நேரம், என் மணிக்கட்டைச் சோறு ஒட்டிய கை ஒன்று பிடித்தது. பெரியவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

"அழித்தால் இரண்டு பிழை, மாஸ்டர். எழுதினால் ஒன்றுதான்."

கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததை நடந்தபடி என்னைக்கொண்டே எழுதவைத்தார். பேர் கூப்பிடப்பட்டது, தாள் கொடுக்கப்படவில்லை, கோடு என் தவறு. ஐந்து மணிக்குள் நேரில் வந்து தன் பேரைத் தானே சொல்கிற ஆளுக்குத் தாள் கொடுக்கப்படும். வராதவருக்கு இல்லை. சாவடிக்கு வந்திருந்த இரண்டு ஏஜெண்டுகளும் கையெழுத்திட வேண்டும் என்றார். ஆரச்சி மஹத்தயா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். தோட்டத்து வோட்டு அவருடைய ஆளுக்கு விழாது என்று ஊருக்கே தெரியும். "வெஸ்ஸ, என்ன பே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். மழையில் அவர்களால் வரமுடியாது என்ற நிச்சயத்தில் மிகத் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்.

இதுதான் உங்களுக்கு நான் சொல்லவந்ததில் பாதி. மறுபாதியைக் கடைசியில் வேறொருவர் சொல்வார். பிழை செய்தால் அதன்மேல் எதையும் தேய்க்காதீர்கள். பக்கத்தில் எழுதுங்கள், உங்களுக்குப் பிடிக்காதவர்களின் கண் முன்னாலேயே எழுதுங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மாலையில் நடந்தது எதுவும் நடந்திருக்க முடியாது.

நான் எழுந்தேன். "நான் ஓடிப்போய் அழைத்து வருகிறேன் ஐயா."

"எழுத்தர் மேசையை விட்டுப் போகக்கூடாது."

"நான் போறேம்ப்பா" என்றது வாசலில் ஒரு குரல்.

என் மகள் மரகதம். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், தூக்குச்சட்டியோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இருபது வயது. அவளுக்கு வோட்டே இல்லை.

"நீ வேணாம். ஏதண்டை வழுக்கும். ஆத்துல தண்ணி ஏறும்" என்றேன். மேல் பிரிவுக்குப் போக ஆற்றின் குறுக்கே ஒற்றை மரத்தைப் போட்டிருந்தார்கள். அதைத்தான் ஏதண்டை என்போம். நான் சொல்லி முடிப்பதற்குள் காதர் நானாவின் குடை விரியும் சத்தம் கேட்டது. நானா, "ஏய் மகள், அது புதுசு!" என்று கத்தினார். போய்விட்டாள்.

ஒரு மணி. ஒன்றரை. இரண்டு. தம்பிமாரே, பெற்றவனை மேசையோடு கட்டிவைத்து எதிரே ஒரு கடிகாரத்தையும் மாட்டுவது போன்ற கொடுமை வேறில்லை. ஊர் வோட்டர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும், "பேரென்ன? ஆறு எப்படி இருக்கிறது? நீலக் குடையோடு ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். மூன்றாவது ஆளோடு பெரியவர் தலையிட்டார். "வோட்டரிடம் பேர் மட்டும் கேளுங்கள், மாஸ்டர்." அதன்பிறகு பேரை மட்டும் கேட்டேன். ஆனால் எந்த முகத்தோடு கேட்டேனோ, ஒரு கிராமத்துப் பெண் பயந்து, "நான் ஒண்ணும் செய்யலீங்க" என்றாள். இரண்டு மணிக்குமேல் அந்தக் குடை தலைகீழாக ஆற்றில் மிதந்து போவதைக் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். இன்றைக்கு மரகதம் கஹவத்தையில் இரண்டு பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள். ஆனாலும் மழை கனத்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

மேலே என்ன நடந்தது என்பதைப் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாக, கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள்.

"அதான் சொல்லிட்டு வந்துட்டமே, பாப்பா" என்றிருக்கிறாள் கருப்பாயி. "ஒங்கப்பா கோடு போட்டுட்டாரு. நான் கண்ணால பாத்தேன்."

"அது அப்பா செஞ்ச பிசகு, அம்மாயி. தாள வாங்கிப் பொட்டியில போட்டாத்தான் வோட்டு."

"படிச்ச மனுசன் பிசகு செய்வாரா? போடி, போய்த் தலயத் தொவட்டு."

முனியாண்டி சட்டமே பேசியிருக்கிறார். "ஒரு தடவ கோடு விழுந்தாச்சுன்னா அந்த நாளு முடிஞ்சிச்சு. மறுபடி கூடுறதுக்குத் தப்புச் சத்தம் கேக்கணும். கேட்டுச்சா?"

அப்பாவுக்கு விழுந்த பிடிவாதமே மகளுக்கும் விழுந்திருக்கிறது. நேரே தப்பு அடிக்கிற வேலுவின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குப் போனாள். வேலுவும் அந்த ஐம்பத்து மூன்று பேரில் ஒருவர்தான்.

"அண்ணே, பெரட்டு அடிங்க."

"மணி மூணாகுது. வெளயாடுறியா? தொரைக்குக் கேட்டா என் சாமானத் தூக்கி ரோட்டுல போட்டுருவாரு."

"நான் அடிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொன்னா ஒங்க சாமானும் ரோட்டுல கெடக்கும்."

"சரி, ரெண்டு வீட்டுச் சாமானையும் ஒரே வண்டியில ஏத்திக்கலாம். அடிங்கண்ணே."

இதைக் கேட்டு வேலுவின் மனைவி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாளாம். வேலு தப்பை அடுப்பில் காய்ச்ச உட்கார்ந்தார்.

நாலேகால் மணிக்கு அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. முதலில் இடி என்று நினைத்தேன். இடி தாளத்தோடு இடிக்குமா? ஆரச்சி மஹத்தயா துள்ளி எழுந்து, "மே மொகத, மாஸ்டர்? மே மொகத?" என்று கத்தினார். என்ன இது என்று எனக்கு மட்டும் தெரியுமா? ஜன்னல் வழியே பார்த்தேன். சாக்கையும் வாழை இலையையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலையே இறங்கி வந்தது. தப்பு அடித்தால் வோட்டு உள்ளவன் இல்லாதவன் என்று பார்த்தா ஜனம் கூடும்? முந்நூறு பேர்! கைக்குழந்தைகள், நாய்கள், காய்ச்சலில் கிடந்த ஒரு கங்காணி, எல்லாரும். முன்னால் வேலு. அவருக்கும் முன்னால், கம்பி மட்டும் மிஞ்சிய ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு என் மகள்.

"என்ட குடை!" என்றார் காதர் நானா. நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

"இது ஊர்வலம்! சட்டவிரோதம்!" என்று ஆரச்சி மஹத்தயா சிங்களத்தில் முழங்கினார். பெரியவர் எழுந்து வாசலுக்குப் போய், சாவடி எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார். "கயிற்றுக்கு வெளியே அது மழையில் நனைகிற ஜனம். கயிற்றுக்கு உள்ளே வோட்டர் மட்டும், ஒவ்வொருவராக." வேலு கயிற்றுக்கு வெளியே ஒரு பலாமரத்தடியில் நின்று அடித்துக்கொண்டேயிருந்தார்.

முந்நூறு பேரில் ஐம்பத்து மூன்று பேரைப் பிரிக்க வேண்டும். நான் பட்டியலைத் தூக்கி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன். பெரியவர், இளம் எழுத்தன், காதர் நானா ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் என் வாயைப் பொத்தினார்கள்.

அவரவர் பேரை அவரவரே சொல்ல வேண்டும். அதில்தான் புதுச் சங்கடம் வந்தது. முனியாண்டி மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பேரென்ன?" என்றேன்.

"நீங்கதான சொல்லணும் மாஸ்டர்? நான் இருக்கேங்கணும்."

"இன்றைக்கு நீங்கதான் சொல்லணும்."

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். தன் பேரைத் தன் வாயால் ஒரு மேசைக்கு முன்னால் இதுவரை அவர் சொன்னதில்லை. "மு… முனியாண்டிங்க" என்றார். வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். தாளை வாங்கியதும் ஓட்டமாகத் திரைக்குள் போனார். அவருக்குப் பின்னால் வரிசையில் சிரிப்புப் பற்றிக்கொண்டது. ஒவ்வொருத்தரும் தன் பேரைச் சொன்னதும் மற்றவர்கள் புதுப் பேரைக் கேட்டதுபோலச் சிரித்தார்கள். கருப்பாயி கூரை அதிரச் சொன்னாள். ஆரச்சி மஹத்தயாவுக்கே உதடு துடித்தது.

நாலரைக்கு அந்தச் சிரிப்பு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. தொரை வந்துவிட்டார். மழைக்கோட்டு, தொப்பி, மிளகாய்ப் பழம் மாதிரி முகம். "தப்பு அடிக்கச் சொன்னது ஆர்?"

என் வீடு அவருடையது, பள்ளிக்கூடம் அவருடையது, சம்பளம் அவருடையது. எழுந்திருக்கப் பார்த்தேன், மகள் முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க" என்றாள் மரகதம்.

தொரை அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவர் பட்டியலைப் புரட்டி, ஒரு பேரில் விரலை வைத்து, மிக மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னார்: "தங்களுக்கும் இங்கேதான் வோட்டு. வரிசை அந்தப் பக்கம் முடிகிறது, ஐயா."

தொரை வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, தன் வாழை இலையை நீட்டி, "நனையாதீங்க தொரை, இப்படி வாங்க" என்றாள். அவர் தலையைக் கொடுத்தார். மறுமாதம் பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம் கேட்டு நான் போனபோது, "நீ வேண்டாம், ஒன் மகளை அனுப்பு" என்றார். தகரம் வந்தது.

நாலு ஐம்பத்து மூன்று. அந்தக் காகிதத்தில் ஐம்பத்திரண்டு பேருக்கு நேரே பெரியவரின் கையெழுத்து விழுந்துவிட்டது. ஒன்று மிச்சம். வேலு.

பலாமரத்தடியில் அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். பெரட்டுத் தப்பைத் தொரை கை காட்டினால்தான் நிறுத்துவது வழக்கம். தொரை அப்போது திரைக்குப் பின்னால் இருந்தார். உள்ளிருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஆரச்சி மஹத்தயா என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரகதம் மரத்தடிக்கு ஓடிப்போய்க் கையைக் காலை ஆட்டிப் பார்த்தாள். வேலு கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிற ஆள் கத்தினாலே கேட்காது. நாலு ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. பெரியவர் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவேயில்லை.

நாலு ஐம்பத்தேழுக்குத் தப்பு நின்றது.

தொரை இன்னும் திரைக்குள்தான் இருந்தார். ஜனம் வழிவிட்டது. வேலு தப்பை மரத்தடியிலேயே வைத்துவிட்டு, கயிற்றைக் குனிந்து தாண்டி, ஈரக் கால்களோடு மேசைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

"என் பேரு வேலு. நிப்பாட்டச் சொல்றதுக்கு ஆளு ஒருத்தரையும் காணோங்க மாஸ்டர். நானே நிப்பாட்டிட்டேன்."